டாக்டர் வி: கண்புரை மருத்துவர் ஏன் குழந்தைகளின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்?

மதுரையில் யாரிடமும் டாக்டர் வி என்று சொன்னால் போதும். அண்ணா நகர், அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை ஆபரேஷன், இலவச முகாம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு அவரை வேறு மாதிரி தெரியும். பணம் கட்டுபவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் அவருடைய மருத்துவமனை ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடமாகவே இருக்கிறது.

இந்த இரண்டு அறிமுகங்களிலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதி இருக்கிறது. முதியவர்களின் கண்புரைக்காகப் பெயர் வாங்கிய அதே மனிதர், பால்குடி மறந்த குழந்தைகளின் பார்வைக்காகவும் பல ஆண்டுகள் உழைத்தார். அதற்காக அரசு மருத்துவமனையில் ஒரு சமையலறையையே கொண்டுவந்தார். அவர் கட்டிய நிறுவனம் பின்னாளில் நடத்திய ஓர் ஆய்வு, வைட்டமின் ஏ பற்றி உலகம் நினைத்துக்கொண்டிருந்ததை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று.

இன்னைக்கு உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்பூனில் ஊற்றும் அந்த மஞ்சள் சொட்டு மருந்துக்குப் பின்னாலும் இந்தக் கதையின் ஒரு பங்கு இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டாக்டர் வி?

முழுப்பெயர் கோவிந்தப்ப வேங்கடசாமி. 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்துக்கு அருகே உள்ள அயன் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டு கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர்.

கிராமத்துப் பள்ளியில் பேப்பர், பென்சில் எதுவும் கிடையாது. பிள்ளைகள் ஆற்று மணலை அள்ளிவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினார்கள். அங்கிருந்து மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு வந்து 1938-ல் வேதியியலில் பட்டம் வாங்கினார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்தார்.

டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சிறுவயதில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரிகள் மூன்று பேர் அடுத்தடுத்து பிரசவத்தையொட்டி இறந்துபோனார்கள். அப்போது ஊரில் டாக்டர் இல்லை. பெண்கள் பிரசவத்தில் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தப் பையனுக்கு வந்த முதல் ஆசை. அதாவது அவர் ஆக விரும்பியது மகப்பேறு மருத்துவர். கண் மருத்துவம் அவருடைய திட்டத்திலேயே இல்லை.

கை முடங்கியது, பாதை மாறியது

படிப்பு முடிந்ததும் இந்திய ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1948-ல் கடுமையான முடக்குவாதம் காரணமாக வெளியே அனுப்பப்பட்டார். அப்போது வயது 30. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணின. படுக்கையிலேயே நீண்டகாலம் கிடந்தார். நடப்பதே சிரமம், பேனா பிடிப்பதும் சிரமம் என்ற நிலை.

பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு உடல் வலுவும் வேண்டும், நேரம் காலம் பார்க்காமல் ஓடும் சக்தியும் வேண்டும். அந்தக் கனவு அத்துடன் முடிந்தது. ஓரளவு எழுந்து நடமாட முடிந்ததும் கண் மருத்துவம் படிக்கப் போனார். கோணிய விரல்களுக்குள் அறுவைக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று தானே பழகினார். தன் கைக்குத் தோதான கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டார். அந்தக் கைகளால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். கூடவே அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவரும் அவர்தான். பெயர் புரியவில்லையா? இப்போது நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் பழைய பெயர் அது. அடுத்த 20 ஆண்டுகள் அங்கேதான் வேலை.

ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களும், கூட்டிவர ஆள் இல்லாதவர்களும் கிராமத்திலேயே இருட்டில் கிடந்தார்கள். அதனால் 1960களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முகாம் போகத் தொடங்கினார். பள்ளிக்கூடம், சத்திரம் என்று கிடைத்த இடத்தில் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் கண்புரை வந்த முதியவர்கள் இருந்தார்கள். நடுநடுவே இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய்மாரும் இருந்தார்கள்.

கண்புரைக்கும் குழந்தையின் பார்வையிழப்புக்கும் என்ன வித்தியாசம்?

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் பெரும்பாலும் ஏதாவது செய்ய முடியும்.

அந்தக் குழந்தைகளுக்கு வந்திருந்தது வேறு. அவர்களுக்குக் கருவிழியே வறண்டு, மென்மையாகி, உருகிக்கொண்டிருந்தது. முற்றிய நிலையில் சில நாட்களிலேயே கருவிழி கரைந்துபோகும். அதன்பிறகு எந்தத் திறமையான அறுவை மருத்துவராலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. இரண்டு வயதில் பார்வை போன குழந்தை, மீதி ஆயுள் முழுவதும் பார்வை இல்லாமல் வாழ வேண்டும்.

அதுவும் குழந்தை வாழ்ந்தால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று அடிக்கடி சொல்லப்படும்: வைட்டமின் ஏ குறைவால் ஆண்டுக்கு 2.5 லட்சம் முதல் 5 லட்சம் குழந்தைகள் வரை பார்வையை இழக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் அடுத்த 12 மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். கண் மருத்துவரிடம் வரும் அந்தக் குழந்தைக்குக் கண்ணோடு சேர்த்து மொத்த உடம்பும் அடிவாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வைட்டமின் ஏ குறைந்தால் உடலில் என்ன நடக்கிறது?

கண்ணின் விழித்திரையில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒரு நிறமி இருக்கிறது. அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது குறையும்போது முதலில் போவது அந்திநேரப் பார்வை. பகலில் ஓடியாடும் குழந்தை, பொழுது சாய்ந்தால் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவித் தேடும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு மாலைக்கண் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்து, வெள்ளை விழியில் நுரை படிந்ததுபோல் சின்னச் சின்னத் திட்டுகள் வரும். பிறகு கண் வறளும். கருவிழி பளபளப்பை இழக்கும். கடைசியில் புண்ணாகி உருகும்.

வைட்டமின் ஏ கண்ணோடு நின்றுவிடுவதில்லை. நுரையீரல், குடல், சிறுநீர்ப்பாதை என்று உடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய படலங்கள் எல்லாம் நல்லபடியாக இருக்க அது தேவை. கிருமிகளுக்கு எதிரான முதல் வேலி அந்தப் படலங்கள்தான். நோய் எதிர்ப்புச் செல்கள் வேலை செய்யவும் அது வேண்டும். அதனால்தான் இந்தச் சத்து இல்லாத குழந்தை, மற்ற குழந்தைகள் தாக்குப்பிடிக்கும் பேதியிலும் தட்டம்மையிலும் இறந்துபோகிறது. தட்டம்மை வந்தால் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-வும் வேகமாகக் கரையும். அம்மை இறங்கிய பிறகு கண் போனது என்று பழைய ஆட்கள் சொல்லும் பல கதைகளுக்குக் காரணம் இதுதான்.

இது ஏழை நாடுகளின் நோய் மட்டும் இல்லை. முதல் உலகப்போர் காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்துவிட, ஏழை வீட்டுக் குழந்தைகளுக்குத் தாவர எண்ணெய் மார்கரின்தான் கிடைத்தது. அங்கேயும் குழந்தைகளின் கருவிழி உருகியது. கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் காரணம் சாப்பாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, பால், வெண்ணெய், மீன் எண்ணெய் கொடுத்து குணப்படுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குள் ஒரு சமையலறை

மதுரை நிலவரம் இன்னும் சிக்கலானது. இங்கே வெண்ணெய் எட்டாத வீடுகள் உண்டு. ஆனால் முருங்கை மரம் இல்லாத தெரு அபூர்வம். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி எல்லாவற்றிலும் பீட்டா கரோட்டின் இருக்கிறது. உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். அப்படின்னா மருந்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்க, குழந்தைக்குக் கண் போவது ஏன்?

ஏன்னா அந்த வயதுக் குழந்தைக்குக் கீரை கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இல்லை. கீரை செரிக்காது, பேதியாகும், மாந்தம் வரும் என்ற பயம். தாய்ப்பால் குறைந்த பிறகு வெறும் கஞ்சியும் ரசஞ்சோறும்தான். பேதியோ அம்மையோ வந்தால் அதையும் குறைப்பார்கள். கொஞ்சம் கீரை கொடுத்தாலும் எண்ணெய் சேராமல் கொடுத்தால் சத்து முழுசாகச் சேராது. வைட்டமின் ஏ கொழுப்பில் கரையும் சத்து. தாளித்த கீரைக்கும் தண்ணீரில் வெந்த கீரைக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கே ருசியைத் தாண்டிய விஷயம்.

டாக்டர் வி இதை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். அவருக்குத் துணை நின்றவர் சர் ஜான் வில்சன். 12 வயதில் பள்ளி வேதியியல் வகுப்பு விபத்தில் பார்வை இழந்தவர். இப்போது சைட்சேவர்ஸ் என்று அறியப்படும் பார்வையற்றோருக்கான காமன்வெல்த் சங்கத்தைத் தொடங்கியவர். இருவரும் 1960களிலேயே அறிமுகமாகி, நண்பர்களானவர்கள்.

1970களின் தொடக்கத்தில், அந்தச் சங்கத்தின் உதவியோடு மதுரை அரசு மருத்துவமனையைச் சார்ந்து ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று உருவானது. லத்தீன் அமெரிக்காவிலும் ஹைதியிலும் முயன்று பார்த்த யோசனை அது. டாக்டர் வி அதைக் கண் நோயோடு இணைத்தார். கண் வறண்டு, உடல் மெலிந்து வரும் குழந்தையைத் தாயோடு சேர்த்து அங்கே தங்கவைத்தார்கள்.

மருந்து கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றுவது முதல் வேலை. அதற்கடுத்த வேலை தாய்க்கு. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் தானியம், பருப்பு, கீரையை வைத்து அவரே சமைத்து, அவரே ஊட்டி, குழந்தை தேறுவதை அவரே கண்ணால் பார்ப்பார். கீரை சாப்பிட்டால் பேதியாகும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சொன்னால் நம்பாதவர், தன் குழந்தையின் எடை ஏறுவதைப் பார்த்தால் நம்புவார். ஊருக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்.

இந்த அனுபவத்தை டாக்டர் வியும் சக மருத்துவர்களும் 1976-ல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு மாவட்ட நகரத்து அரசு மருத்துவமனையில் நடந்த சமையல் வகுப்பு, உலகின் முன்னணி மருத்துவ இதழில் இடம்பிடித்தது.

அதே காலகட்டத்தில் தேசிய அளவிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியை அடிப்படையாக வைத்து, 1970-ல் மத்திய அரசு சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிக அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கல்லீரல் இந்தச் சத்தைச் சேமித்து வைக்கும் என்பதால், ஒரு பெரிய டோஸ் சில மாதங்களுக்குத் தாங்கும். அதன் நோக்கம் அப்போது ஒன்றுதான்: பார்வையிழப்பைத் தடுப்பது.

11 படுக்கைகள்

1976-ல் டாக்டர் வி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, ஸ்ரீ அரவிந்தரின் மீது கொண்ட பக்தியால் அவர் பெயரையே வைத்து, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிகள் கைகொடுக்காததால் வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்தார் நகைகளை அடகு வைத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உட்பட குடும்பமே இந்த வேலையில் இறங்கியது. டாக்டர் வி திருமணம் செய்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே மலிவாகத் தயாரித்தார்கள். மருத்துவமனை பல ஊர்களுக்கும் பரவியது.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. முகாம்கள் மூலம் கிராமங்களோடு ஏற்பட்ட நெருக்கம், கணக்கு எழுதி வைக்கும் ஒழுங்கு, வீடு வீடாகப் போகத் தயங்காத ஊழியர்கள் என்று மூன்றும் அரவிந்திடம் இருந்தன. பெரிய அளவில் சமூக ஆய்வு நடத்தத் தேவையானவை இவைதான்.

கண் நோயிலிருந்து உயிருக்கு: இந்தோனேசியாவில் கிடைத்த துப்பு

1983-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்பிரட் சோமர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தோனேசியாவில் குழந்தைகளின் கண் நோயை ஆராய்ந்தபோது, விசித்திரமான ஒன்று அவர் கண்ணில் பட்டது. மாலைக்கண் போன்ற லேசான அறிகுறி மட்டும் இருந்த குழந்தைகள்கூட, மற்ற குழந்தைகளைவிட சுமார் நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள்.

1986-ல் அடுத்த கட்டுரை. ஆச்சே பகுதியின் 450 கிராமங்களில், வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தைகளின் இறப்பு 34% குறைந்திருந்தது. ஒரு வைட்டமின் இவ்வளவு செய்யுமா என்று பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. சந்தேகம் நியாயமானதுதான். ஒப்பிடப்பட்ட குழந்தைகளுக்குப் போலி மருந்து கொடுக்கப்படவில்லை. வேறு நாடுகளில், இன்னும் கறாரான முறையில் செய்துபார்க்க வேண்டும் என்றார்கள்.

அப்படிச் செய்துபார்த்த குழுக்களில் ஒன்று மதுரையிலிருந்து கிளம்பியது.

திருச்சி கிராமங்களில் நடந்த ஆய்வு என்ன சொன்னது?

டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் அரவிந்த் குழுவும், அமெரிக்க விஞ்ஞானி பார்பரா அண்டர்வுட்டும் சேர்ந்து திருச்சி மாவட்டத்தில் இந்த ஆய்வை நடத்தினார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான 15,419 குழந்தைகள். 52 வாரங்கள். ஒவ்வொரு வாரமும் சுகாதாரத் தொண்டர் குழந்தையைத் தேடிப் போய் மருந்து கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏ-வும் கொஞ்சம் வைட்டமின் ஈ-யும். இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது அளவு. அரசுத் திட்டம்போல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் கொடுக்கவில்லை. வாரத்துக்கு 8,333 யூனிட் மட்டும். ஒரு குழந்தைக்கு நல்ல சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு அது. டாக்டர் வியின் சமையலறை நம்பிக்கையை வேறொரு வடிவில் சோதித்துப் பார்த்ததுபோல்தான்.

முடிவு 1990-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54% குறைவு. மூன்று வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கும், நீண்டகாலமாக சத்துக்குறைவோடு இருந்தவர்களுக்கும்தான் அதிகப் பலன்.

இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. இரண்டு பிரிவிலும் குழந்தைகளுக்குப் பேதியும் சளிக் காய்ச்சலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. நோய் வருவது குறையவில்லை, நோயில் சாவதுதான் குறைந்தது. வந்த நோயைத் தாங்கிப் பிழைக்கும் சக்தி அந்தச் சிறு டோஸில் இருந்தது.

பிறந்த உடனே கொடுத்தால்?

அடுத்த கேள்வி இன்னும் சின்னக் குழந்தைகளைப் பற்றியது. தாய்க்கே சத்துக் குறைவென்றால் குழந்தை பிறக்கும்போதே கையிருப்பு இல்லாமல்தான் பிறக்கும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டக்கூடியது சீம்பால். வைட்டமின் ஏ செறிந்த பால் அது. தென்மாவட்டங்களில் பல குடும்பங்கள் அந்த முதல் பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் உண்டு.

அரவிந்த் குழுவும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் 11,619 பச்சிளம் குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள். பிறந்ததும் 24,000 யூனிட், மறுநாள் இன்னொரு 24,000 யூனிட். ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22% குறைந்தது என்று 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்.

அப்போது டாக்டர் விக்கு 84 வயது. பிரசவத்தில் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று டாக்டருக்குப் படித்தவர். விரல்கள் கோணியதால் பேறுகால வார்டுக்குப் போக முடியாமல் போனவர். அவர் கட்டிய கண் மருத்துவமனையின் ஊழியர்கள், பிரசவமான வீடுகளின் வாசலில் போய் நின்றார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?

இல்லை. இதையும் தெரிந்துகொள்வது முக்கியம்.

திருச்சி ஆய்வு வெளியான அதே 1990-ல், ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்திய ஆய்வும் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய டோஸ் கொடுத்ததில், இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது அது. 1993-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்டனின் குழு, பல நாடுகளில் நடந்த எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. சராசரியாக 23% இறப்பு குறைகிறது என்று தெரிந்தது. உலக அளவில் கொள்கை மாறியது அந்த எண்ணுக்குப் பிறகுதான்.

பிறகு 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, பலன் 4% அளவுக்குத்தான் என்றது. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றிய தமிழ்நாட்டு முடிவும், பின்னர் கானா, தான்சானியா, ஹரியானாவில் நடந்த பெரிய ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அதனால் பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

ஏன் இப்படி மாறுகிறது? பற்றாக்குறை கடுமையாக இருக்கும் இடத்தில் பலன் அதிகம். தடுப்பூசி, சாப்பாடு, சுகாதாரம் மேம்பட்ட இடத்தில் பலன் குறைவு. 1980களின் திருச்சி கிராமமும் இன்றைய கிராமமும் ஒன்றில்லை. தமிழ்நாட்டில் நடுவில் நிறைய நடந்துவிட்டது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து உணவு கொடுக்கும் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. தட்டம்மைத் தடுப்பூசி பரவலானது. கருவிழி உருகி வரும் குழந்தை இன்று மதுரைக் கண் வார்டுகளில் அபூர்வம்.

அதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பெரிய டோஸ் இனியும் தேவையா, சாப்பாட்டைச் சரிசெய்தால் போதாதா என்ற விவாதம் இந்திய ஊட்டச்சத்து நிபுணர்களிடையே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் வியின் மையம் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில்லை என்பது இங்கே நினைவில் வைக்க வேண்டியது. இன்று கண் போகப்போகும் குழந்தைக்கு மருந்து, நாளைக்கு அது திரும்ப வராமலிருக்கச் சமையல். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

டாக்டர் வி 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். 1973-ல் கிடைத்த பத்மஸ்ரீ, உலகம் முழுவதும் கிடைத்த விருதுகள் எல்லாம் கண்புரையை ஒட்டியே பேசப்படுகின்றன. குழந்தைகளுக்காகச் செய்த வேலை வெளியே தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்க்கும் முதியவரைப் படம் எடுக்கலாம். போகாமல் தப்பிய பார்வையையும் சாகாமல் தப்பிய குழந்தையையும் எப்படிப் படம் எடுப்பது?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?

• தற்போதைய அரசு அட்டவணைப்படி முதல் டோஸ் 9 மாதத்தில், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியோடு. அளவு 1 லட்சம் யூனிட். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட், 5 வயது வரை. மொத்தம் 9 டோஸ்.

• முதல் இரண்டு டோஸோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஊசி முடிந்ததும் சொட்டு மருந்தும் முடிந்துவிட்டது என்ற நினைப்புதான் காரணம். தாய்-சேய் நல அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

• நீங்களாகக் கடையில் வாங்கிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும், அளவு மீறினால் கெடுதல். எது எப்போது என்பதை கிராம சுகாதார செவிலியரோ டாக்டரோ சொல்லட்டும்.

• பிறந்ததும் சீம்பால் கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த பருப்புச் சோற்றோடு மசித்த கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, முட்டை மஞ்சள்கரு என்று ஒவ்வொன்றாகப் பழக்கலாம். அரை ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும்.

• பேதியோ அம்மையோ வந்தால் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தட்டம்மை என்றால் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள், கூடுதல் வைட்டமின் ஏ தேவைப்படும்.

• பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறுகிறதா, வெள்ளை விழியில் நுரைபோல் திட்டு தெரிகிறதா, கண் பளபளப்பில்லாமல் வறண்டு இருக்கிறதா? ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நிலையில் பிடித்துவிட்டால் சில சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும்.